குளிர்பெட்டி எச்சரிக்கையும் சி நிரலின் பெயர்த் தேடலும்: மொரீஷியஸிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு, மொரீஷியஸ் நாட்டின் சில மருந்தகங்களில் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் ஒரு சி மொழி நிரலைப் பற்றியது. இன்சுலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு கிளையிலும் சிறிய லினக்ஸ் பெட்டி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அது உணரியின் அளவைப் படித்து எபேன் நகரில் உள்ள அளவீட்டுச் சர்வருக்கு அனுப்பும். அளவு எல்லை மீறினால் எச்சரிக்கைச் சர்வரோடு தொடர்புகொள்ளும், அங்கிருந்து பொறுப்பாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். நிரல் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழுவால் எழுதப்பட்டது. பராமரிப்புப் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்த பிறகு நடந்தவையே இங்கே பதிவாகின்றன. கோளாறுகள் அனைத்தும் சர்வரின் பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில்தான் இருந்தன. அந்த இடத்தை ஒரு வரிச் சடங்காக எண்ணி எழுதப்படும் சி நிரல்கள் ஏராளம் என்பதால், நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கோளாறு: பழைய முகவரி

இரு சர்வர்களும் புதிய தரவு மையத்துக்கு இடம் மாறின. சர்வரின் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள் முறையாக மாற்றப்பட்டன. பழைய இயந்திரங்கள் முன்னெச்சரிக்கையாகச் சில வாரங்கள் நிறுத்தப்படாமல் விடப்பட்டன. அந்த நாட்களில்தான் தைப்பூசக் காவடி வந்தது. பொது விடுமுறை என்பதால் மஹேபூர் கிளை பூட்டியிருந்தது, குளிர்பெட்டிக்குப் போகும் மின்சுற்று துண்டிக்கப்பட்டது, வெப்பநிலை ஏறியது. குறுஞ்செய்தி மட்டும் வரவில்லை. மறுநாள் கிளையின் பொறுப்பாளரான அம்மையார் கிரியோலில் எங்களிடம் கேட்டதன் சாரம் இது: "தம்பி, பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, இணையமும் இருக்கிறது, பிறகு செய்தி எங்கே போனது?"

செய்தி பழைய எச்சரிக்கைச் சர்வருக்குப் போயிருந்தது. அது செய்தியை ஏற்றுக்கொண்டு, "பெற்றேன்" என்று பதிலும் சொல்லி, வட்டில் எழுதி வைத்திருந்தது; குறுஞ்செய்தி இணைப்பு அதிலிருந்து ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. நிரலைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக முடிந்தது, ஆகவே பிழைப் பதிவு எதுவும் இல்லை.

மூல நிரலைத் திறந்தபோது காரணம் முதல் பக்கத்திலேயே தெரிந்தது. நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு முறை பெயரைக் கொடுத்தால் முகவரிப் பட்டியலைத் தரும் கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற செயற்கூறை அழைத்து, அது தந்த பட்டியலின் முதல் முகவரியை ஒரு குளோபல் மாறியில் நகலெடுத்து, பிறகு நிரல் நிற்கும் வரை அதையே பயன்படுத்தி வந்தது. டிஎன்எஸ் பதிவின் ஆயுள், அதாவது மீண்டும் கேட்காமல் அதை நம்பலாம் என்ற நேரம், 300 நொடிகள் என்று வைத்திருந்தும் பயனில்லை. மாதக்கணக்கில் மறுதொடக்கம் காணாத நிரலுக்கு அந்த 300 என்ற எண் எட்டவே இல்லை. கிளைகளை ஒப்பிட்டபோது இன்னொன்றும் புலப்பட்டது. இடமாற்றத்துக்குப் பிறகு மின்வெட்டு ஏற்பட்ட கிளைகளில் பெட்டி மறுதொடக்கமாகிப் புதிய முகவரியைப் பிடித்திருந்தது. மஹேபூர் பெட்டிக்கு மின்கலக் காப்பு இருந்தது. குளிர்பெட்டி அணைந்தபோதும் அது அணையவில்லை. நன்கு பாதுகாக்கப்பட்ட பெட்டிகளே பழைய முகவரியில் தங்கிவிட்டன.

முகவரியையே நேரடியாக எழுதிவிடலாம் என்ற யோசனை அப்போது எழுந்தது. ரோஸ் ஹில் கிளை அதற்கு விடையாக அமைந்தது. முன்பொரு முறை யாரோ ஒரு தொழில்நுட்பர் அங்கே இடிசி அடைவின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வர் பெயரையும் பழைய முகவரியையும் எழுதி வைத்திருந்தார். டிக் கட்டளை சரியான முகவரியைக் காட்டியது, நிரல் தவறான முகவரிக்கே போனது. டிக் நேரடியாக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. சி நூலகமோ என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் உள்ள வரிசைப்படி பெரும்பாலும் முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் டிஎன்எஸ்ஸுக்குப் போகிறது. ஆகவே ஒரு சி நிரல் என்ன முகவரியைப் பெறும் என்று அறிய வேண்டுமானால் டிக்கைக் கேட்பதில் பொருளில்லை. நூலகத்தின் அதே வழியில் செல்லும் கெட்என்ட் கட்டளையை ஏஹோஸ்ட்ஸ் என்ற சொல்லோடு இயக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கோளாறு: இரு த்ரெட்கள், ஒரே நினைவிடம்

அவசரத் திருத்தமாக, ஒவ்வொரு இணைப்புக்கு முன்பும் கெட்ஹோஸ்ட்பைநேம் அழைக்கப்படும்படி நிரல் மாற்றப்பட்டது. பழைய முகவரிச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் சில நாட்களில் எச்சரிக்கைச் சர்வரின் பதிவேட்டில் வடிவம் பொருந்தாத செய்திகள் தென்பட்டன. பிரித்துப் பார்த்தால் அவை சாதாரண வெப்பநிலை அளவீடுகள். அளவீட்டுச் சர்வருக்குப் போக வேண்டியவை இங்கே எப்படி வந்தன?

ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலைத்தொடரே த்ரெட். எங்கள் நிரலில் அளவீட்டுக்கு ஒரு த்ரெட், எச்சரிக்கைக்கு ஒரு த்ரெட் என இரண்டு உண்டு. கெட்ஹோஸ்ட்பைநேம் தரும் விடை அழைத்தவருக்குச் சொந்தமான நினைவகத்தில் இல்லை. நூலகத்தின் உள்ளே நிலையாக ஒதுக்கப்பட்ட ஒரே ஹோஸ்ட்என்ட் கட்டமைப்பில் இருக்கிறது, அழைத்தவருக்குக் கிடைப்பது அதைக் காட்டும் பாயின்டர் மட்டுமே. வகுப்பறையின் ஒரே கரும்பலகையில் இரு ஆசிரியர்கள் எழுதுவதைப் போல, அடுத்து அழைப்பவர் முந்தைய விடையை அழித்துவிட்டுத் தம்முடையதை எழுதிவிடுவார். எங்கள் நிரலில் நடந்த வரிசை இது. அளவீட்டு த்ரெட் பெயரைத் தேடிப் பாயின்டரைப் பெற்றது. முகவரியை நகலெடுக்கும் முன், எந்தச் சர்வரோடு பேசப்போகிறோம் என்ற வரியைப் பதிவுக் கோப்பில் எழுதியது. அந்தக் கோப்பு மெதுவான நினைவக அட்டையில் இருந்ததால் எழுதுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் எச்சரிக்கை த்ரெட் தன் பெயரைத் தேடியது. பதிவு முடிந்து அளவீட்டு த்ரெட் திரும்பியபோது, அதன் பாயின்டர் அசையாமல் அதே இடத்தைக் காட்டியது. அந்த இடத்தில் இருந்த முகவரி மட்டும் எச்சரிக்கைச் சர்வருடையதாக மாறியிருந்தது. பதிவேட்டில் அடுத்தடுத்த இரு வரிகளைப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரிந்தது: முதல் வரியில் அளவீட்டுச் சர்வரின் பெயர், அதற்கடுத்த வரியில் எச்சரிக்கைச் சர்வரின் முகவரி.

விடைக்கு இடம் போதாதபோது லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி அந்த நினைவிடத்தைப் பெரிதாக்கி வேறிடத்துக்கு மாற்றவும் கூடும். அப்போது பழைய பாயின்டர் விடுவிக்கப்பட்ட நினைவகத்தைக் காட்டும். முகவரி மாறிப்போவதைவிட அது ஆபத்தானது. இந்தச் செயற்கூறை, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு ஒன்றால் சுற்றினால் போதும் என்று வாதிடலாம்தான். ஆனால் 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்த இந்த இடைமுகம் நடைமுறையில் பழைய ஐபிவி4 வகை முகவரிகளை மட்டுமே தருகிறது, போசிக்ஸ் தரநிலையின் 2001 பதிப்பில் வழக்கொழிவதாக அறிவிக்கப்பட்டு 2008 பதிப்பில் நீக்கப்பட்டது. ஜிலிப்சியில் இதே செயற்கூறின் உட்பகுதியில் இருந்த நினைவக மீறல் 2015 ஜனவரியில் கோஸ்ட் என்ற பெயரில் வெளிச்சத்துக்கு வந்ததும் நினைவிருக்கும். புதிய நிரலில் இதற்கு இடமே கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கெட்அட்ர்இன்ஃபோவுக்கு மாறியபோது

1997-இல் ஆர்எஃப்சி 2133 என்ற இணைய ஆவணத்தில் விவரிக்கப்பட்ட, அதே தேடல் வேலையைச் செய்யும் கெட்அட்ர்இன்ஃபோ, ஒவ்வொரு அழைப்புக்கும் தனி நினைவகம் ஒதுக்கி, முகவரிகளை ஒரு தொடர்பட்டியலாகத் தருகிறது. வேலை முடிந்ததும் ஃப்ரீஅட்ர்இன்ஃபோவை அழைத்து அதை விடுவிப்பது அழைத்தவரின் கடமை. எந்த வகை முகவரி வேண்டும், எந்த வகை சாக்கெட் (இணைப்பின் முனை) வேண்டும் என்பதைக் குறிப்புக் கட்டமைப்பில் சொல்லலாம். சாக்கெட் வகையைச் சொல்லாமல் சுழியமாக விட்டால் லினக்ஸில் ஒரே முகவரி ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என மூன்று முறை பட்டியலில் வரும். "சர்வருக்கு மூன்று முகவரி இருக்கிறதே" என்று புதியவர்கள் திகைப்பது இதனால்தான்.

மாற்றும்போது பிழை கையாளும் பகுதியையும் முழுதாகத் திருத்த வேண்டியிருந்தது. நிரல் எங்கும் பிழை நேர்ந்தால் பிஎரர் என்ற செயற்கூறால் காரணத்தை அச்சிடும் பழக்கம் இருந்தது. அது எர்னோ மாறியைப் பார்த்து எழுதுவது. பழைய கெட்ஹோஸ்ட்பைநேம் தன் பிழையை ஹெச்_எர்னோ என்ற வேறு மாறியில் வைத்தது. கெட்அட்ர்இன்ஃபோவோ பிழை எண்ணைத் தன் திரும்பு மதிப்பாகவே தருகிறது. ஆகவே தேடல் தோல்வியடைந்த இடங்களில் பதிவேடு "பெயர்த் தேடல் பிழை: சக்சஸ்" என்று எழுதி வைத்திருந்தது. அந்த வரியைப் படித்த யாரும் அதை ஒரு தோல்வியாக எண்ணவில்லை. இப்போது திரும்பு மதிப்பு, அதைச் சொற்களாக்கும் ஜிஏஐ_எஸ்டிஆர்எரருக்குக் கொடுக்கப்படுகிறது. அந்த மதிப்பு ஈஏஐ_சிஸ்டம் என்று இருந்தால் மட்டுமே எர்னோ பார்க்கப்படுகிறது.

பிழைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஈஏஐ_நோநேம் என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை. மீண்டும் மீண்டும் கேட்டுப் பயனில்லை. ஈஏஐ_அகெய்ன் என்றால் இப்போதைக்கு விடை கிடைக்கவில்லை. சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும். நவம்பரில் தொடங்கும் புயல் பருவத்தில் மின்சாரம் போய்த் திரும்பும்போது பெட்டி ரவுட்டரைவிட முந்தி எழுந்துவிடும், முதல் தேடல் ஈஏஐ_அகெய்ன் என்று தோற்கும். பழைய நிரல் எந்தப் பிழைக்கும் வெளியேறிவிடும் வழக்கமுடையது. அதை மாற்றி, இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டி மீண்டும் முயலும்படி செய்தோம்.

மூன்றாம் கோளாறு: சரியாக ஐந்து நொடி

புதிய பதிப்பு பெரும்பாலான கிளைகளில் நன்றாக ஓடியது. கியூர்பிப், ஃப்ளாக் போன்ற சில இடங்களில் மட்டும் ஒவ்வொரு அனுப்புதலும் ஐந்து நொடிக்குச் சற்று மேல் எடுத்தது. இப்படி வட்டமான ஓர் எண் வந்தால் வலைப்பின்னலின் வேகத்தைச் சந்தேகிப்பதற்கு முன் ஏதோ ஒரு காத்திருப்பு வரம்பைத் தேட வேண்டும், பெயர்த் தேடலின் அமைப்புகள் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் வேறொன்றும் சொல்லாதபோது ஜிலிப்சி ஒரு கேள்விக்குக் காத்திருக்கும் நேரம் 5 நொடி.

வலைப்பின்னலில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை, டிஎன்எஸ் பயன்படுத்தும் 53-ஆம் போர்ட்டில் வைத்துப் பார்த்தோம். பெட்டியிலிருந்து இரண்டு கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் கிளம்பின: ஒன்று ஐபிவி4 முகவரிக்கான ஏ வகை, மற்றது ஐபிவி6 முகவரிக்கான ஏஏஏஏ வகை. இரண்டின் கேள்வி எண்கள் வேறு, புறப்பட்ட போர்ட் ஒன்றே. ஏ கேள்விக்கு விடை உடனே வந்தது. ஏஏஏஏ கேள்விக்கு எதுவும் வரவில்லை. ஐந்து நொடி அமைதிக்குப் பிறகு பெட்டி மீண்டும் ஏ கேள்வியைக் கேட்டது, விடை வந்தது, அதன் பிறகே ஏஏஏஏ கேள்வியை அனுப்பியது, அதற்கும் விடை வந்தது. அந்தக் கிளைகளில் இருந்த மலிவு ரவுட்டர்கள் ஒரே போர்ட்டிலிருந்து அடுத்தடுத்து வரும் இரு கேள்விகளில் ஒன்றைத் தவறவிட்டன. பழைய கெட்ஹோஸ்ட்பைநேம் ஏ கேள்வி ஒன்றை மட்டுமே கேட்டதால் இந்தக் குறை அதுவரை வெளிப்படவில்லை.

இதில் ஒரு நுட்பம் எங்களைச் சிறிது காலம் திணற வைத்தது. ஒரு விடை வந்து மற்றது வராமல் காத்திருந்த பின், ஜிலிப்சி தானாகவே ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் முறைக்கு மாறிவிடும். அப்படியானால் முதல் தேடல் மட்டும்தான் தாமதமாக வேண்டும், எல்லாத் தேடலும் ஏன் தாமதமாகிறது? விடை த்ரெட்களில் இருந்தது. அந்த மாற்றம் நினைவில் வைக்கப்படும் ரிசால்வரின் (நூலகத்தில் பெயர் தேடும் பகுதியின்) நிலை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி. புதிய பதிப்பில் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒரு த்ரெட் உருவாக்கப்பட்டு, வேலை முடிந்ததும் கலைக்கப்பட்டது. ஒரு த்ரெட் ஐந்து நொடி கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் அதனோடே மறைந்தது, அடுத்த த்ரெட் புதிதாக அதே விலையைக் கொடுத்தது.

ஏஎஃப்_ஐநெட் என்று குறிப்பில் எழுதி ஐபிவி4 முகவரியை மட்டும் கேட்டிருந்தால் தாமதம் அன்றே போயிருக்கும். நான் அதை ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவுக்கான இணைய முகவரிகளை வழங்கும் ஆஃப்ரினிக் அமைப்பின் தலைமையகம் இதே எபேனில்தான் இருக்கிறது. ஐபிவி4 முகவரிகள் எவ்வளவு அருகிவிட்டன என்பதை இங்கே இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் குறிப்பில் இரு வகை முகவரிகளையும் கேட்கும் ஏஎஃப்_அன்ஸ்பெக் அப்படியே இருந்தது. ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் ஆப்ஷன்ஸ் வரியில் சிங்கிள்-ரிக்வெஸ்ட் என்ற சொல்லைச் சேர்த்தோம். அது தொடக்கத்திலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வைக்கிறது. ரவுட்டரிடமிருந்து வலை அமைப்பைப் பெறும் டிஹெச்சிபி புதுப்பிக்கப்படும்போது அந்தக் கோப்பு மேலெழுதப்பட்டுவிடும் என்பதால், கோப்பில் நேரடியாக எழுதாமல் அதை உருவாக்கும் அமைப்பிலேயே சேர்க்க வேண்டியிருந்தது. பழைய பெட்டிகளில் இன்னொரு கவனமும் தேவைப்பட்டது. 2017-இல் வந்த ஜிலிப்சி 2.26 முதல்தான் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ரிசால்வ்.கான்ஃப் மாறியதைத் தானே கவனிக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நிரலை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அல்லது அந்தக் கோப்பை மீண்டும் படிக்க வைக்கும் ரெஸ்_இனிட்டை நிரலே அழைக்க வேண்டும். அந்தப் பெட்டிகளின் நூலகத்தையே புதுப்பித்தோம். கெட்அட்ர்இன்ஃபோவிலும் 2016 பிப்ரவரியில் ஒரு ஸ்டாக் மீறல் வெளியாகியிருந்ததால் எப்படியும் அது செய்தாக வேண்டிய வேலைதான்.

பட்டியலை முழுதும் நடத்தல்

ஒரு கிளையில், இணைய வழங்குநர் மாற்றிய ரவுட்டர் பெட்டிக்கு வெளியுலக ஐபிவி6 முகவரி ஒன்றைக் கொடுத்தது. ஆனால் அந்த வழியில் எதுவும் வெளியே போகவில்லை. ஆர்எஃப்சி 6724-இன் வரிசைப்படி ஐபிவி6 முகவரி பட்டியலின் முதலில் நின்றது. ஏஐ_அட்ர்கான்ஃபிக் என்ற கொடி இதற்கு உதவாது. பெட்டியில் அந்த வகை முகவரி இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், அதன் வழியே பாக்கெட் போய்ச் சேர்கிறதா என்று பார்க்காது. கனெக்ட் அழைப்பு விடை வராமல் நின்றது. அந்தப் பெட்டியின் பழைய கெர்னலில் அது தானாகக் கைவிடுவதற்குச் சுமார் 127 நொடி ஆகும். இப்போது நிரல் சாக்கெட்டை நான்-பிளாக்கிங் (காத்து நிற்காத) நிலையில் திறந்து, போல் (poll) என்ற செயற்கூறின் மூலம் சிறிது நேரம் காத்திருந்து, பதில் இல்லையென்றால் பட்டியலின் அடுத்த முகவரிக்குப் போகிறது. சாக்கெட்டை ஒவ்வொரு முகவரியின் குடும்ப வகைக்கேற்பப் புதிதாகத் திறக்க வேண்டும்; முதலில் திறந்த ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்த முடியாது.

கெட்அட்ர்இன்ஃபோவுக்குக் காலவரம்பு கொடுக்க வழியில்லை என்பதுதான் அதன் பெரிய குறை. பெயர்ச் சர்வர் ஒன்றே ஒன்று இருந்து அதுவும் பதிலளிக்காவிட்டால், 5 நொடி வீதம் இரு முயற்சி என ஒரு கேள்விக்கு 10 நொடி அழைத்த த்ரெட் அங்கேயே நிற்கும். உணரியைப் படிக்கும் சுற்றில் இந்த அழைப்பு இருக்கவே கூடாது. ஆகவே பெயர்த் தேடலுக்கென்று நிரலின் ஆயுள் முழுதும் நிலைத்திருக்கும் ஒரு த்ரெட்டை ஒதுக்கினோம். உணரி த்ரெட் தன் அளவை வரிசையில் வைத்துவிட்டு அடுத்த அளவுக்குப் போய்விடும்.

தேடிய விடையை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்வது என்பதிலும் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. கெட்அட்ர்இன்ஃபோ முகவரியைத் தருமே தவிர, அதன் ஆயுளைத் தராது. நிரலுக்குள் சொந்தமாக ஒரு கால எண்ணை வைத்தால் அது டிஎன்எஸ் பதிவின் 300 நொடியோடு என்றாவது முரண்படும். ஆகவே ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் நிரல் தேடுகிறது. பெட்டியிலேயே நிறுவிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு பெயர்ச் சர்வர், பதிவின் ஆயுளை மதித்து விடையை நினைவில் வைத்திருக்கிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் அனுமதித்தோம். தேடல் ஈஏஐ_அகெய்ன் என்று தொடர்ந்து தோற்றால், கடைசியாக வெற்றிகரமாக இணைந்த முகவரியை ஒரு நாள் வரை பயன்படுத்தலாம். பெயரே இல்லை என்று ஈஏஐ_நோநேம் வந்தால் பயன்படுத்தக் கூடாது. முதல் கோளாறைப் பார்த்தவர்கள் இதை எதிர்த்தார்கள், அது நியாயமான எதிர்ப்புதான்: அந்த முகவரி இதற்குள் வேறொருவருடையதாகி இருக்கலாம். அதற்கு, மறுமுனை யார் என்பதைச் சான்றிதழால் உறுதிசெய்யும் டிஎல்எஸ் காவலாக நிற்கிறது. சான்றிதழ் சர்வரின் பெயரோடு ஒப்பிடப்படுகிறது, முகவரியோடு அல்ல. தவறான இயந்திரத்தை அடைந்தால் ஒரு பைட் அளவீடும் போவதற்கு முன் இணைப்பு முறியும். பழைய இயந்திரங்கள் அணைக்கப்பட்டு, அவற்றின் சான்றிதழும் திரும்பப் பெறப்பட்டது. ரொத்ரிக்ஸ் தீவில் போர்ட் மாத்துரின் கிளைக்கு மட்டும் அந்த ஒரு நாள் வரம்பு போதுமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அங்கிருந்து மொரீஷியஸுக்கு வரும் இணைப்பு கடலடிக் கம்பியை நம்பியிருக்கிறது, அது அறுந்தால் பழுது ஒரு நாளில் முடியாது. அடுத்த புயல் பருவத்துக்கு முன் அந்தக் கிளையின் ரவுட்டரையும் பெட்டியையும் ஒருசேர அணைத்து மீண்டும் இயக்கி, பெயர்ச் சர்வரை மட்டும் தடுத்து வைத்து, நிரல் என்ன செய்கிறது என்று சோதிக்க இருக்கிறோம்.